ஏழாம் நம்பர் வாய்க்கால்

சம்பளம் இல்லை. கேட்டால் சிரிப்பார்கள்.
"நீதானே கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்க, நீயே பாத்துக்க"
என்று கோட்டூர் கடைத்தெருவில் வைத்துக்
குழுவை என் தலையில் கட்டினார் சங்கத் தலைவர்.
என்னையும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பேர்,
ஒரு வாய்க்கால்,
கல்லணையில் திறந்தது கடைமடைக்கு எப்போது வரும் என்ற
ஒரே கேள்வி.

முதல் நாளே எழுதி ஒட்டினேன்:
காலை வணக்கப் பூ வேண்டாம்.
கட்சி வேண்டாம். சாதி வேண்டாம்.
கெட்ட வார்த்தை வந்தால் நீக்கப்படும்.
கட்டைவிரல்கள் பொலபொலவென்று விழுந்தன.
பெருமையாகத்தான் இருந்தது.

லஸ்கர் கலியமூர்த்தி
ஷட்டர் திருகும் கைப்பிடியை சைக்கிளில் கட்டியிருப்பார்.
அது போகும் திசையை ஊரே பார்க்கும், ஏசும்.
என் கைப்பிடி யார் கண்ணுக்கும் தெரியாது.
அழுத்தினால் ஒருவர் வாய் மூடும்.
அவ்வளவு லேசு.

புரட்டாசி கடைசி வெள்ளி
என் கொழுந்தன் எழுதினான்:
"அந்தத் தெருவுக்கு எதுக்கு முறை?
நேத்து வரைக்கும் நம்ம வயல்ல நின்னவங்க.
இப்ப வயலும் வந்துடுச்சு, தண்ணியும் வேணுமாம்.
தவறாக நினைக்க வேண்டாம். நன்றி."
கூப்பிய கை ஒன்று.
ஒரு கெட்ட வார்த்தை இல்லை.
எழுத்துப்பிழைகூட இல்லை.

அடுத்த நிமிடம் சவரிமுத்து
ஒரே ஒரு சொல் அனுப்பினார்.
இங்கே எழுத முடியாது.
பாலில் விழுந்த ஈயைப்போல் எடுத்துப் போட்டேன்.
என்ன வேகம் என் விரலுக்கு!
கொழுந்தன் செய்தி அப்படியே உட்கார்ந்திருந்தது,
சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

"சவரிமுத்து வெளியேறினார்."
சாம்பல் நிறத்தில் ஒரு வரி.
அதற்குக் கீழே யூரியா வந்துவிட்டதா என்று கேட்டார் ஒருவர்.
வந்துவிட்டது என்று பதில் போட்டேன்.

பதினோராம் நாள் முறையை மாற்றினார்கள்.
ராத்திரி ரெண்டு மணிக்குத் திறப்பு.
குழுவில் போட்டேன், எல்லோரும் பார்த்தார்கள்.
பார்க்க இடமில்லாத ஒருவருக்கு
மதகு திறந்து மூடிய பிறகுதான் தெரிந்தது.
மூன்று மா நேரடி விதைப்பு.
விரல் நுழையும் வெடிப்பு.

ஸ்கூட்டரை ரோட்டில் விட்டு வரப்பில் இறங்கினேன்.
அவர் நிமிரவில்லை.
"அடுத்த முறை எப்ப? அத மட்டும் சொல்லுங்க."
சொன்னேன்.
மன்னிப்பும் கொண்டுபோயிருந்தேன்.
வாங்க அவர் கை காலியாக இல்லை,
மண்வெட்டி இருந்தது.

வீட்டுக்கு வந்து மேலே மேலே தள்ளி
அந்தப் பழைய செய்தியைப் பிடித்து அழுத்தினேன்.
'எல்லோருக்கும் நீக்கு' வரவில்லை.
நாள் கடந்துவிட்டதாம்.
இனி எனக்கு மட்டும்தான் நீக்கலாமாம்.
நான் மட்டும் பார்க்காமல் இருக்கலாம்,
அந்தச் சலுகை இன்னும் இருக்கிறது.

அதனால் எழுத வேண்டியதாயிற்று:
"அன்று சவரிமுத்து சொன்னதை நீக்கினேன்.
அவரைச் சொல்ல வைத்ததை நீக்கவில்லை.
அதை எழுதியது என் வீட்டுக்காரர் தம்பி.
காரணம் அதுதான். வேறு இல்லை."

மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்த்தாயிற்று.
நீலமாயிற்று இரண்டு கோடும்.
ஒரு கட்டைவிரல் இல்லை.
வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சவரிமுத்துவுக்கு அனுப்பிய அழைப்பு
அனுப்பியபடியே இருக்கிறது.
முறை நேரத்தைப் போன் போட்டுச் சொல்கிறேன்.
"சரி" என்பார்.
வைத்துவிடுவார்.

இன்று விடியும் முன்னே குழுவில் ஒரு தாமரை,
பனித்துளியோடு, இனிய காலை வணக்கத்தோடு.
அனுப்பியவர் பெயரைக்
கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
நீக்கினேன்.